மலைக்கு வழி சொல்லுதல்

தமிழில் மலை ஏறுவதற்கு இதுவரை இரண்டு காரணங்கள்தாம் ஒப்புக்கொள்ளப்பட்டிருக்கின்றன. ஒன்று சாமி. மற்றது பிழைப்பு. காவடி தூக்குகிறவன் ஏறலாம், மொட்டையடிக்கிறவன் ஏறலாம். தேனெடுக்கிறவன், விறகு பொறுக்குகிறவள், ஆடு ஓட்டிப் போகிறவன் ஏறலாம். இரண்டுமில்லாமல் ஒருவன், தன் கால்களையும் நெஞ்சையும் ஒழுங்கில் வைத்துக்கொள்வதற்காக மட்டும், செங்குத்தான பாதையொன்றில் விடியற்காலையில் ஏறிச் சாயங்காலம் இறங்கி வருகிறான் என்றால் அதற்கு நம்மிடம் சொல் இல்லை. 'டிரெக்கிங்' என்று இரவல் வாங்கிக்கொள்கிறோம். சொல் இல்லாத காரியத்தைச் செய்கிறவன் கொஞ்சம் அசடாகத் தெரிவான். நாலைந்து நண்பர்கள் கூடும் இடத்தில் நான் இப்போது அப்படித்தான் தெரிகிறேன்.

கவிதை எழுதும் நண்பர் ஒருவர் என்னிடம் நேராகவே சொன்னார். கம்பெனிக்காரன் தன் மெஷினுக்கு எண்ணெய் போடுகிறான். நீ அவனுக்கு அந்தச் செலவையும் மிச்சப்படுத்தி உனக்கு நீயே எண்ணெய் போட்டுக்கொள்கிறாய். ஞாயிற்றுக்கிழமை மலை, திங்கட்கிழமை கௌண்டர். இதில் எங்கே ஐயா சுதந்திரம்? இது நல்ல வாதம். சிரித்து ஒதுக்கிவிட முடியாது. முக்கியமாக, நான் இருக்கும் இடத்தில் ஒதுக்கிவிட முடியாது.

நான் வேலை பார்க்கிற கிளை சிங்கப்பெருமாள் கோயிலிலிருந்து ஸ்ரீபெரும்புதூர் போகிற சாலையில், ஒரகடத்தை ஒட்டி இருக்கிறது. பதவி கிளார்க். 2024-க்குப் பிறகு எங்களுக்குக் 'கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்' என்று பெயர் மாற்றிவிட்டார்கள், நாற்காலி அதேதான். ஒரு நாளில் எட்டு மணி நேரம் அதில் உட்கார்ந்திருக்கிறேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர்கள் எட்டு மணி நேரம் நின்றுவிட்டு வந்து நிற்கிறவர்கள். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்ததிலிருந்து இந்தப் பிரதேசம் நிற்கிறவர்களின் பிரதேசம் ஆகிவிட்டது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ-நிஸ்ஸான், 2012-ல் டெய்ம்லர் லாரி, 2013-ல் என்ஃபீல்ட் மோட்டார் சைக்கிள். நடுவில் 2006-ல் வந்து 2014 நவம்பரில் மூடிப்போன நோக்கியா. அங்கே வேலை பார்த்த பெண்களில் சிலர் இன்னமும் எங்கள் கிளையின் பழைய பாஸ்புக்கை வைத்திருக்கிறார்கள். பிறகு 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெளியே பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். எட்டு மணி நேரம் நிற்கிறவன் உட்கார்ந்தால் அது வேலைநிறுத்தம். நான் உட்கார்ந்தால் அது உத்தியோகம். தேகம் என்ற விஷயத்தில் வர்க்கம் எப்படி வந்து குறுக்கே நிற்கிறது என்பதற்கு எனக்கு வேறு புத்தகம் தேவையாயில்லை.

இது ஏரிகளின் பூமி, சமதளம். கண்ணுக்கெட்டிய தூரம் மேடென்று எதுவும் இல்லை. ஒரகடத்துக்குப் பக்கத்தில் வல்லக்கோட்டையில் இருக்கும் முருகனே தரையில்தான் நிற்கிறார். குன்றுதோறாடுகிறவருக்கு எங்கள் பக்கத்தில் ஒரு குன்று கிடைக்கவில்லை. ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர் திருமலையைக் காலால் மிதிக்க மனமில்லாமல் முழங்காலாலேயே ஏறினார் என்று ஒரு கதை உண்டு. கதை வாஸ்தவமோ இல்லையோ, சமதளத்தில் பிறந்தவன் மலையைக் கண்டால் என்ன ஆகும் என்பது அதில் இருக்கிறது. எங்களுக்கு மலை லாரியில் வருகிறது. செங்கல்பட்டு, மதுராந்தகம், உத்திரமேரூர்ப் பக்கத்துக் கல்குவாரிகளிலிருந்து ஜல்லியாகவும் எம்-சாண்டாகவும் நாள் முழுவதும் வந்துகொண்டிருக்கிறது. கம்பெனிகளின் தளமெல்லாம் அந்தக் குன்றுகள்தாம். நசுக்கி, நிரவி, மேலே வழுவழுப்பாக எபாக்ஸி பூசி, அதன் மீது ஆட்களை நிற்க வைத்திருக்கிறோம்.

நான் ஏற ஆரம்பித்ததற்குத் தத்துவார்த்தமான காரணம் எதுவும் இல்லை. முப்பத்தைந்தாவது வயதில் ரத்தத்தில் மூன்று மாதச் சர்க்கரை 6.3 என்று வந்தது. எல்லைக்கோட்டில் நிற்கிறீர்கள் என்றார் டாக்டர். அப்பாவுக்கு இதே வயதில் யாரும் சோதித்துப் பார்க்கவில்லை. அவர் தமிழாசிரியர், நாற்பதில் தெரிந்து, ஐம்பத்தேழில் வலது காலின் இரண்டு விரல்களை எடுத்தார்கள், அறுபத்தொன்றில் கணுக்காலுக்கு மேலே எடுத்தார்கள். புண்ணுக்குக் கட்டு மாற்றும் வேலை என்னுடையது. பாதம் என்பது என்ன மாதிரியான உறுப்பு என்று எனக்குத் தெரிய வந்தது அப்போதுதான். அதன் அடிப்புறம் முகத்தைப் போல ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கிறது. அப்பாவின் பாதத்தில் உணர்ச்சி போய்ப் பல வருஷம் ஆகியிருந்தது. ஆணி குத்தியது அவருக்குத் தெரியவில்லை. செருப்பில் ரத்தம் இருந்ததை அம்மா பார்த்தாள். இதைக் கழிவிரக்கத்துக்காகச் சொல்லவில்லை. என் நண்பரின் வாதத்தில், உடம்பு முதலாளிக்கும் எனக்கும் இடையில் மட்டும் நடக்கிற ஒரு விவகாரம் என்ற தொனி இருக்கிறது. உடம்புக்கு அதைவிடப் பழைய கடன்காரர்கள் உண்டு என்பதற்காகச் சொல்கிறேன்.

சமதளத்துக்காரனுக்கு முதல் மலை திருக்கழுக்குன்றம். செங்கல்பட்டு வழியாகப் பைக்கில் ஒரு மணி நேரம். ஐந்நூறு அடி உயரம், ஐந்நூற்றுச் சொச்சம் படிகள். பகலுக்கு இரண்டு கழுகுகள் வந்து பண்டாரத்தின் கையால் சோறு தின்றுவிட்டுப் போகும் என்று பேர் வாங்கிய மலை. 1990-களில் அவை வருவது நின்றுவிட்டது. கீழே ஒரு குடைவரை இருக்கிறது, பல்லவர் காலத்தது. அதன் கல்லில் பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர்கள் தங்கள் பெயர்களைக் கிறுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். அவர்களும் ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள்தாம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

முதல் தடவை ஏறி இறங்கியதும் கணக்குப் போட்டேன். வங்கிக்காரனின் கெட்ட பழக்கம். எழுபத்திரண்டு கிலோ எடையை நூற்றைம்பது மீட்டர் தூக்குவதற்கான வேலை இருபத்தைந்து கலோரிதான். மனிதத் தசை தான் எரிப்பதில் நாலில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது, மீதியெல்லாம் உஷ்ணம். அப்படிப் பார்த்தால் நூறு. ஐந்து தடவை ஏறினால் ஐந்நூறு. கீழே ஓட்டலில் ஒரு மசால் தோசையும் காபியும் அதை முழுக்கத் திருப்பிக் கொடுத்துவிடும். ஆகவே எடை குறைப்பதற்காக மலை ஏறுகிறவன் வரவு செலவு தெரியாதவன். மலை வேறு எதையோ செய்கிறது.

அது என்ன என்பது இறங்கும்போது தெரிகிறது. ஏறும்போது தொடைத் தசை சுருங்கிக்கொண்டே வேலை செய்கிறது. இறங்கும்போது சுமையைத் தாங்கிக்கொண்டே நீள்கிறது. பிரேக் போடுகிற வேலை. மூச்சு வாங்காது, சுகமாக இருப்பதுபோலத் தோன்றும். மறுநாள் அல்ல, அதற்கு மறுநாள்தான் அதன் முழு வலியும் வரும். செவ்வாய்க்கிழமை நான் கேஷ் பெட்டிக்குக் குனிய முடியாமல் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தசைநாரில் நுண்ணிய கிழிசல்கள். ஆனால் அதே உடம்பு ஒரு தடவை பட்டதை மறப்பதில்லை. அடுத்த சில வாரங்களுக்குள் மறுபடி இறங்கினால் வலி பாதிகூட இருக்காது. இந்த ஞாபகம் மூளையில் இருப்பதல்ல.

ஆஸ்திரியாவில் டிரெக்ஸல் என்ற மருத்துவரின் குழு ஒரு வேடிக்கையான சோதனை நடத்தி 2004-ல் அறிவித்தது. சாதாரண ஆட்கள் சிலரை இரண்டு மாதம் மலை ஏற மட்டும் சொன்னார்கள், இறங்குவதற்கு ரோப்கார். அடுத்த இரண்டு மாதம் ரோப்காரில் ஏறி, நடந்து இறங்க மட்டும். ஏறியபோது ரத்தத்தில் கொழுப்பின் ஒரு வகை நன்றாகக் குறைந்தது. சர்க்கரையைச் சமாளிக்கும் சக்தி அதிகம் கூடியது இறங்கியபோதுதான். இதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை விவரிக்க முடியாது. நமக்கு இதுவரை சொல்லப்பட்ட மலை எல்லாம் ஏற்றம். உன்னதம், சிகரம், உச்சி. கவிதையிலும் அதுதான், விமரிசனத்திலும் அதுதான். இறங்குகிறவனைப் பற்றி எவரும் கவலைப்பட்டதில்லை. சோளிங்கரில் யோக நரசிம்மர் மலைக்கு 1305 படிகள். 2024 மார்ச்சில் அங்கே ரோப்கார் வந்துவிட்டது. வயதான தம்பதிகளோடு தொட்டியில் உட்கார்ந்து மேலே போய், 1305 படியும் தனியாக இறங்கி வந்தேன். ஏறி வந்துகொண்டிருந்த ஒரு அம்மாள் என்னைப் பார்த்து, "என்னா சாமி, அதுக்குள்ள தரிசனம் ஆயிடுச்சா?" என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். சர்க்கரைக்காக என்று அவளிடம் சொல்லியிருந்தாலும் அவள் தப்பாக எடுத்துக்கொண்டிருக்க மாட்டாள். நரசிம்மரிடம் அதற்காகவே வருகிறவர்கள் உண்டு.

இங்கே கொஞ்சம் கவிதையைப் பற்றிப் பேச வேண்டும். பி.ஏ. வகுப்பில் வேர்ட்ஸ்வொர்த்தை எங்களுக்கு ஏரியும் பூவுமாகத்தான் சொல்லிக்கொடுத்தார்கள். அவருடைய கால்களைப் பற்றி டி குவின்ஸி எழுதியிருப்பதை நானாகப் பிற்பாடு படித்தேன். பார்க்க லட்சணமில்லாத கால்கள். ஆனால் அவற்றால் அவர் ஆயுளில் ஒரு லட்சத்து எழுபத்தையாயிரம் மைலாவது நடந்திருப்பார் என்று கணக்குப் போடுகிறார். ஹாஸ்லிட் இன்னொன்று சொல்கிறார்: கோல்ரிட்ஜுக்கு மேடுபள்ளத்தில், புதரை விலக்கிக்கொண்டு நடக்கும்போதுதான் கவிதை வரும், வேர்ட்ஸ்வொர்த்துக்கு இடைஞ்சல் இல்லாத நேர்ப்பாதையில் முன்னும் பின்னும் நடக்கும்போது. இரண்டு பேரின் வரிகளையும் அருகருகே வைத்துப் படித்தால் இது வெறும் வம்பு இல்லை என்று தெரியும். வாக்கியத்தின் நடை என்று சொல்கிறோமே, அது உருவகமாக இருக்க வேண்டிய அவசியமில்லை.

நம்முடைய புதுக்கவிதையை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஜன்னல் எத்தனை! ஜன்னலில் மழை, ஜன்னலில் காகம், ஜன்னலுக்கு வெளியே எவனோ ஒருவன் நடந்து போகிறான். எழுதுகிறவன் நடப்பதில்லை. அறையும் நாற்காலியும் நமக்குக் கிடைத்த நவீனத்துவத்தின் தட்டுமுட்டுச் சாமான்கள். நம்மில் முக்கால்வாசிப் பேர் வங்கியிலோ தபாலாபீசிலோ கல்லூரியிலோ உட்கார்ந்து சம்பளம் வாங்கியவர்கள் என்பதும் இதற்கு ஒரு காரணம். சமூகவியல்காரர்கள் அதைப் பார்த்துக்கொள்ளட்டும். எனக்குப் படுவது இது: உட்கார்ந்தபடி கிடைக்கும் அனுபவத்தில் மூச்சு இல்லை. வரி எங்கே உடைய வேண்டும் என்பதை மூச்சு தீர்மானிக்காமல் அச்சகத்துப் பக்க அகலம் தீர்மானித்துவிடுகிறது.

மலையில் நான் கண்டுபிடித்த ஒரு அளவுகோல் உண்டு. ஏறும் வேகம் சரியா என்று பார்க்க நாடியைப் பிடிக்க வேண்டாம், கையில் கடிகாரம் கட்ட வேண்டாம். ஒரு வெண்பாவை வாய்விட்டுச் சொல்ல முடிந்தால் வேகம் சரி, இன்னும் கொஞ்சம் கூட்டலாம். குறள்தான் சொல்ல முடிகிறது என்றால் அதுவே எல்லை. ஒற்றைச் சீருக்கு மூச்சு அறுந்தால் நின்று தண்ணீர் குடிக்க வேண்டும். உடற்பயிற்சி நிபுணர்களும் இதையேதான் வேறு விதமாகச் சொல்கிறார்கள்: பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது.

உண்மையில், நடக்கிறவனுக்காகவே எழுதப்பட்ட கவிதை தமிழில் இருக்கிறது. இரண்டாயிரம் வருஷத்துக்குச் சற்றே குறைந்த பழைமை. பத்துப்பாட்டில் கடைசிப் பாட்டு, மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் பாடியது, 583 அடி. 1889-ல் உ.வே.சாமிநாதையர் பதிப்பித்ததிலிருந்து அச்சில் இருக்கிறது. அதை நாம் வர்ணனைக்காகப் படிக்கிறோம், அல்லது பரீட்சைக்காகப் படிக்கிறோம். செங்கண்மாவில், அதாவது இன்றைய செங்கத்தில் இருக்கும் நன்னனைப் போய்ப் பார்க்கச் சொல்லி, ஒரு கூத்தன் இன்னொரு கூத்தனுக்கு வழி சொல்கிறான். அவ்வளவுதான் விஷயம். சொல்கிறவன் ஏற்கெனவே போய் வந்தவன். கேட்கிறவன் பட்டினி, தோளில் வாத்தியங்கள், கூடப் பெண்களும் பிள்ளைகளும். ஆகையால் வழி சுத்தமாக இருக்க வேண்டும். காட்டுப் பன்றிக்கு வைத்த பொறி எங்கே, தினைப்புனத்துக் காவல்காரன் கவணில் விட்டெறியும் கல் எந்தப் பக்கத்திலிருந்து வரும், காட்டாற்றுப் பாதையில் எது வழுக்கும், எந்தக் கொடியைப் பிடித்துக்கொண்டு இறங்க வேண்டும். இவையெல்லாம் அழகுக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. தப்பாகச் சொன்னால் ஒருத்தன் கால் உடையும். அந்தப் பொறுப்புதான் அந்தப் பாட்டின் மொழியை இறுக்கமாக வைத்திருக்கிறது. மலையை யானையாக்கி, அதில் எழும் ஓசைகளை அதன் மதநீராக்கித்தான் தலைப்பே வந்தது என்கிறார் உரையாசிரியர். அந்த ஓசைகளைப் பட்டியல் போடுகிற பகுதியைக்கூட நான் இப்போது அலங்காரமாகப் படிப்பதில்லை. காட்டில் காதுதான் முதல் காவல்.

நண்பரின் வாதத்துக்கு இதில் ஒரு பதில் இருக்கிறது. அந்தக் கூத்தர்கள் சும்மா போகவில்லை, பரிசிலுக்குப் போகிறார்கள். கூலிக்காகத்தான் அந்தக் கால்கள் நடந்தன. அதனால் அந்த மலை பொய்யாகிவிடவில்லை. கம்பெனிக்கு விற்ற காலோ வங்கிக்கு விற்ற முதுகோ மலையில் வேறொன்றாக இருக்க முடியாது என்பது, விற்றவன் முழுசாக விற்றுவிட்டான் என்று வாங்கினவன் சொல்லும் பேச்சு.

அந்தப் பாட்டில் நவிரம் என்று வரும் மலை பர்வதமலைதான் என்று பலர் அடையாளம் சொல்கிறார்கள். போளூர் தாண்டி, கடலாடிக்கும் தென்மாதிமங்கலத்துக்கும் மேலே, மற்ற மலைகளோடு சேராமல் தனியாக நிற்கிறது. 4500 அடி என்பார்கள். அடிவாரமே கடல் மட்டத்துக்கு மேலே இருப்பதால் ஏற வேண்டியது அதைவிடக் குறைவு. நேய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்துக்காரர் 1892-ல் ஒரு சூத்திரம் கொடுத்தார்: மூன்று மைலுக்கு ஒரு மணி, அதோடு ஏறும் ஒவ்வொரு 2000 அடிக்கும் இன்னொரு மணி. அவருக்கு வட ஆற்காட்டு வெயில் தெரியாது. மாசியில் போன எனக்கு, நாலரை மணிக்குக் கிளம்பி மேலே சேர மூன்று மணி நாற்பது நிமிஷம் ஆயிற்று. திருக்கழுக்குன்றத்தில் பதினொரு ஞாயிற்றுக்கிழமைகள் ஏறிப் பழகியிருந்தேன். முதுகில் நாலு லிட்டர் தண்ணீர். கடைசி மூன்று வாரம் அந்தத் தண்ணீரையும் சுமந்தே படி ஏறினேன்.

முதல் பகுதி படிகள். காடு இருட்டில் இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அவனவன் முன்னே போகிறவனின் குதிகாலை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினோம். பிறகு படி போய் உருண்டைக் கற்கள். ஒரு கல்லின் மேல் கால் வைத்து அடுத்ததைத் தேடுகிற அந்த அரை வினாடியில் மனசில் வேறெதுவும் இருக்க முடியாது. தியானம் என்று இதைச் சொல்ல மாட்டேன். தியானத்தில் தப்பு செய்தால் முட்டி பெயராது.

கடைசிப் பகுதிதான் பர்வதமலை. செங்குத்துப் பாறையில் கடப்பாரைகளை அடித்து இறக்கியிருக்கிறார்கள், அவைதாம் படி. பக்கத்தில் பிடித்துக்கொள்ளச் சங்கிலி. கடப்பாரைப் படி, தண்டவாளப் படி, ஏணிப் படி என்று ஜனங்களே பெயர் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு சரியான பெயர்கள்! ஒன்றுகூடப் புராணத்திலிருந்து எடுத்ததில்லை, பட்டறையிலிருந்து எடுத்தவை. கடப்பாரையின் மேல் முனைகள் ஆயிரக்கணக்கான பாதங்கள் பட்டு மெருகேறியிருந்தன. நான் நாலாவதில் நின்றேன். வலது காலை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. கீழே பார்க்கவும் முடியவில்லை.

"சார், கையைப் பார்க்காதீங்க. சங்கிலிய சும்மா தொட்டுக்குங்க போதும். எடைய கால்ல போடுங்க" என்று கீழேயிருந்து ஒரு குரல். இருபத்துமூன்று இருபத்துநாலு வயசுப் பையன். "வலது பக்கம், உங்க முட்டிக்கு நேரா ஒண்ணு இருக்கு. குட்டையா. அதுல முன்பாதம் மட்டும் வைங்க. குதிகால் வேணாம்." வைத்தேன். "அவ்ளோதான். இப்ப இடது." பதினைந்து இருபது கடப்பாரைகளுக்கு அவன் இப்படியே சொல்லிக்கொண்டு வந்தான். ஒரு வார்த்தை கூடுதல் இல்லை.

மேலே போனதும் பேசினோம். அவன் என் கிளைக்குப் பக்கத்திலேயே ஒரு கம்பெனியில் லைனில் நிற்கிறவன். இரண்டு வருஷம் டிரெய்னி, இப்போது காண்ட்ராக்ட். அவனோடு ஏழு பேர், மூன்று மாவட்டத்துக்காரர்கள், ஒருவன் ஒடியா. சனிக்கிழமை பி ஷிப்ட் முடித்துவிட்டு அப்படியே பைக்கில் வந்திருக்கிறார்கள். தூங்கவில்லை.

"எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து இது எதுக்கு தம்பி?" என்று கேட்டேன்.

"நிக்கறது வேற சார்" என்றான். கொஞ்சம் யோசித்தான். "அங்க ஒரே எடத்துல. ஒரு வண்டிக்கு இத்தன செகண்டுன்னு இருக்கு. அதுக்குள்ள ரெண்டு எட்டு முன்ன, ரெண்டு எட்டு பின்ன. இங்க அடுத்த கால எங்க வெக்கறதுன்னு நாமதான பார்க்கணும்."

கூட இருந்தவன், "இவன் ஃபிட்னஸ்ஸுக்கு சார். போலீஸ் செலக் ஷனுக்குப் போறான்" என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவன் மறுக்கவில்லை. போலீஸ் தேர்வுக்கு ஓட்டம், கயிறு ஏறுதல் எல்லாம் உண்டு. காண்ட்ராக்ட்டிலிருந்து தப்பிப்பதற்கு அவன் காலுக்குத் தெரிந்த வழி அது. இரண்டு காரணமும் அவனிடம் ஒன்றையொன்று இடிக்காமல் இருந்தன. கோயிலில் மல்லிகார்ஜுனருக்குக் கற்பூரம் ஏற்றினான், அது மூன்றாவது. நாம்தான் காரணம் ஒன்றே ஒன்று இருக்க வேண்டும் என்று அடம்பிடிக்கிறோம்.

மலையை ரொமாண்டிக்காகப் பார்க்கிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2018 மார்ச் 11 அன்று போடிக்கு மேலே குரங்கணியில், கொழுக்குமலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 23 பேர் இறந்தார்கள். சென்னைக் கம்பெனிகளில் உட்கார்ந்து வேலை பார்த்த இளம் வயதுப் பெண்கள் அவர்களில் பலர். அந்த வருஷமே அரசு மலையேற்றத்துக்கு விதிகள் போட்டது. 2024 அக்டோபரில் வனத்துறை தானே வழிகாட்டி வைத்து அழைத்துப் போகும் 40 பாதைகளை அறிவித்தது. அதே 2024-ல் வெள்ளியங்கிரியில் ஏழாவது மலைக்கு ஏறப் போன பக்தர்கள் சிலர் மூச்சுத் திணறியும் நெஞ்சு அடைத்தும் இறந்தார்கள். நெஞ்சு நோய், சர்க்கரை உள்ளவர்கள் ஏற வேண்டாம் என்று எச்சரிக்கை வந்தது. நான் அந்த எச்சரிக்கைக்குள் வருகிறவன். ஆகையால் பர்வதமலைக்குப் போகும் முன் டிரெட்மில்லில் ஓடி நெஞ்சைக் காட்டிச் சீட்டு வாங்கிக்கொண்டுதான் போனேன். பக்தி இதற்கு மாற்று அல்ல. வாலிபமும் மாற்று அல்ல. வழி தெரிந்தவன் கூட இருக்க வேண்டும், காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, புல் காய்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தெரிந்தவன். மாசி பங்குனிக் காட்டில் அது முக்கியம்.

இறக்கம் கடலாடிப் பக்கமாக. நான் ஏற்றத்தைவிட மெதுவாக இறங்கினேன். பையன்கள் குதித்துக்கொண்டே போய் மறைந்துவிட்டார்கள். மூன்றாவது மணி நேரத்தில் தொடை நடுங்க ஆரம்பித்தது. உட்கார்ந்து உப்புப் போட்ட எலுமிச்சம்பழத் தண்ணீர் குடித்துவிட்டு, பாதத்தைச் செருப்புக்கடையில் பார்ப்பதுபோல எடுத்துப் பார்த்தேன். சுண்டு விரலில் ஒரு கொப்புளம். அமுக்கினால் வலித்தது. நன்றாக வலித்தது.

போன மாதம் சோதித்ததில் 5.8. இது மலையாலா, ராத்திரி சாதத்தை விட்டதாலா என்று பிரித்துச் சொல்ல எந்தக் கணக்கும் இல்லை. இனி மாதம் ஒரு தடவை பெரிய மலை, வாராவாரம் திருக்கழுக்குன்றம் என்று வைத்திருக்கிறேன்.

பர்வதமலையிலிருந்து ராத்திரி எட்டரைக்கு வீட்டுக்கு வந்தேன். அப்பா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. "எந்தப் பக்கமா ஏறின?" என்றார். தென்மாதிமங்கலம் என்றேன். "வழிய சொல்லு" என்றார்.

நான் மலை அழகாயிருந்தது, மேகம் கீழே தெரிந்தது என்று ஆரம்பித்தேன். "அத விடு. பஸ்ஸ விட்டு எறங்கினா மொதல்ல என்ன வருது?" முப்பது வருஷம் அந்தப் பாட்டைப் பிள்ளைகளுக்கு நடத்தியவர். அங்கே போனதில்லை. நான் பைக்கில் போனதைச் சொல்லவில்லை. பஸ் நிற்கும் இடத்திலிருந்தே ஆரம்பித்தேன். டீக்கடை, கோயில் வளைவு, வனத்துறைத் தட்டி, படி ஆரம்பிக்கும் இடம். எத்தனை படி என்று கேட்டார். எண்ணவில்லை என்றதற்கு முகம் சுளித்தார். தண்ணீர் எங்கே நிற்கும், எங்கே நிற்காது. எந்த வளைவுக்கு அப்புறம் நிழல் இல்லை. குரங்கு எங்கே பையைப் பிடுங்கும். ஒவ்வொன்றாகக் கேட்டார். கடப்பாரைப் படிக்கு வந்ததும் இடது காலைப் போர்வைக்கு வெளியே எடுத்து வைத்துக்கொண்டார்.

"முன்பாதமா, குதிகாலா?"

"முன்பாதம்பா. குதிகால் வெச்சா வழுக்கும்."

"கைப்பிடி?"

"வலது பக்கம் சங்கிலி. எடைய அதுல போடக் கூடாது."

"சரி" என்றார். "அப்பறம்?"